ஆலைத் தண்ணீரில் போகும் நம்ம சாம்பல் சத்து

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



கரும்பு பயிரிடும் நண்பர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லலாம் என்றுதான் இன்று வந்திருக்கிறேன். கரும்பை வெட்டுகிறோம், கட்டுகிறோம், டிராக்டரிலோ லாரியிலோ ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறோம். எடைச் சீட்டு வருகிறது. பிறகு பணம் வருகிறது. அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் தீரவில்லை. அந்தக் கரும்போடு சேர்ந்து நம் நிலத்தின் சொத்து ஒன்றும் வெளியே போயிருக்கிறது. அதுதான் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். அது எங்கே போகிறது, திரும்பி வருமா, வந்தால் எந்த ரூபத்தில் வாங்கலாம், எந்த ரூபத்தில் வாங்கக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. சர்க்கரை எதிலிருந்து உண்டாகிறது? மண்ணிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடுவோம். உண்மையில் அது காற்றும் தண்ணீரும் வெய்யிலும் சேர்ந்து இலையில் சமைத்த பண்டம். சுத்தமான வெள்ளைச் சர்க்கரையில் தழைச்சத்து கிடையாது, மணிச்சத்து கிடையாது, சாம்பல் சத்தும் கிடையாது. எரிசாராயமும் அப்படித்தான். அப்படியானால் ஆலை விற்பனை செய்கிற சர்க்கரையிலும் சாராயத்திலும் நம் மண்ணின் சத்து ஏதும் போகவில்லை. வேர் உறிஞ்சி எடுத்த சத்து முழுவதும், ஆலை வேண்டாம் என்று ஒதுக்குகிற பொருள்களில்தான் தங்குகிறது.

அந்தப் பொருள்கள் எவை? சக்கை, பிரஸ்மட் என்கிற ஆலைச் சேறு, மொலாசஸ் என்கிற கழிவுப்பாகு ஆகிய மூன்று. சாற்றைத் தெளிய வைக்கும்போது மணிச்சத்தில் பெரும்பகுதி பிரஸ்மட்டில் படிந்துவிடும். சாம்பல் சத்து அப்படிப் படியாது. அது தண்ணீரில் கரைந்தே கிடக்கும் சுபாவம் உள்ளது. சாறு காய்ந்து, சர்க்கரை பிரிந்து, கடைசியில் மிஞ்சுகிற கறுத்த பாகில் போய்ச் சேருகிறது.

நூறு டன் கரும்பு அரைத்தால் சுமார் 4 முதல் 4½ டன் மொலாசஸ் கிடைக்கும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு சாம்பல் சத்து என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 4 டன் மொலாசஸில் 120 கிலோ சாம்பல் சத்து இருக்கும். கடையில் விற்கிற மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் நூற்றுக்கு 60 பங்கு சாம்பல் சத்து. 50 கிலோ மூட்டை ஒன்றில் 30 கிலோ. ஆக, நூறு டன் கரும்பு அனுப்பினால் அதோடு நாலு மூட்டை பொட்டாஷும் வண்டியேறிப் போகிறது. ரகத்துக்கும் மண்ணுக்கும் தக்கபடி கூடக்குறைய இருக்கும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

சரி, மொலாசஸ் எங்கே போகிறது? பெரும்பாலும் சாராய ஆலைக்குப் போகிறது. அங்கே தண்ணீர் சேர்த்து, ஈஸ்ட் விட்டுப் புளிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் பாகில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சாம்பல் சத்தைப் பெரிதாகத் தொடாது. பிறகு அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். சாராயம் ஆவியாகிப் போய்விடுகிறது. உப்புப் போட்ட குழம்பு அடுப்பில் சுண்டினால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு சட்டியிலேயே நிற்கும், இல்லையா? அதே மாதிரி சாம்பல் சத்து மொத்தமும் அடியில் நிற்கிற கழிவுநீரில் தங்கிவிடுகிறது. ஆலைக்காரர்கள் இதை ஸ்பென்ட்வாஷ் என்பார்கள். ஒரு லிட்டர் சாராயம் எடுத்தால் 8 முதல் 15 லிட்டர் வரை இந்தக் கழிவுநீர் உண்டாகும். ஒரு லட்சம் லிட்டர் சாராயம் என்றால் பத்து லட்சம் லிட்டர் அளவுக்குக் கழிவுநீர். ஒரு சின்னக் குட்டையே நிறைந்துவிடும்.

இப்போது இதன் மற்றொரு முகத்தையும் பார்க்க வேண்டும். இந்தத் தண்ணீர் காபி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருக்கும். கொதிக்கக் கொதிக்க வரும். புளித்த காடி போல அமிலத் தன்மை உள்ளது. அதைவிட மோசம், அதிலுள்ள அழுகும் பொருள். தண்ணீரில் அழுக்கு எவ்வளவு என்று அளக்க ஒரு கணக்கு உண்டு. அந்த அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பதே அது. ஊர்ச் சாக்கடையில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். ஆற்றில் விடுவதற்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. இந்தக் கழிவுநீரிலோ 40,000, 50,000 மில்லிகிராம்! ஊர்ச் சாக்கடையைப் போல நூறு மடங்குக்கு மேல். இது ஓடையில் விழுந்தால் தண்ணீரில் இருக்கும் பிராணவாயு முழுவதும் இதற்கே செலவாகிவிடும். மீன் மூச்சுமுட்டிச் செத்து மிதக்கும். நிலத்துக்குள் இறங்கினால் கிணற்று நீர் நிறம் மாறும், உப்பு ஏறும்.

ஆக, பயிருக்கு வேண்டிய சத்தும் கிணற்றைக் கெடுக்கிற விஷமும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன. சத்தைப் பிரித்து எடுத்தால் அது உரம். எடுக்காமல் விட்டால் ஊருக்குக் கேடு. நமக்கும் ஆலைக்கும் நடுவே உள்ள விஷயம் இவ்வளவுதான்.

சாராய ஆலைக் கழிவுநீர் வெளியே ஒரு சொட்டும் போகக் கூடாது என்ற திசையில் 2003-ஆம் ஆண்டு முதலே நம் நாட்டில் நெருக்கடி கொடுத்து வருகிறார்கள். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் வந்த பிறகு இந்த விஷயம் இன்னும் பெரிதாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூனில் நூற்றுக்குப் பத்து பங்கு கலந்தார்கள். 2025-இல் அது இருபதை எட்டியது. எத்தனால் கூடினால் கழிவுநீரும் கூடத்தானே செய்யும்? மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுக்கிற எத்தனாலின் கழிவு வேறு ஜாதி. அதைக் காய வைத்து மாட்டுத் தீவனமாக விற்கிறார்கள். நாம் பேசுவது மொலாசஸிலிருந்து வருகிற கழிவுநீரைப் பற்றி மட்டும்.

இதிலிருந்து சத்தை எப்படி மீட்கிறார்கள்? இரண்டு வழிகள் முக்கியம்.

முதல் வழி கம்போஸ்ட். கழிவுநீரை முதலில் மூடிய பெரிய தொட்டிகளில் விட்டு, நம் வீட்டுச் சாண எரிவாயுக் கலன் மாதிரி எரிவாயு எடுத்துக்கொள்கிறார்கள். இதனால் அழுகும் பொருள் வெகுவாகக் குறையும். அமிலத் தன்மையும் போகும். சாம்பல் சத்து அப்படியே இருக்கும். நிறமும் போகாது. பிறகு தரையில் நீர் இறங்காதபடி தளம் போட்ட களத்தில் பிரஸ்மட்டை நீண்ட பாத்திகளாகக் குவிக்கிறார்கள். அதன்மேல் இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, இயந்திரத்தால் புரட்டிப் புரட்டி விடுகிறார்கள். உள்ளே சூடு பிறந்து தண்ணீர் ஆவியாகும். சத்து மட்டும் மட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு டன் பிரஸ்மட் இப்படிச் சுமார் இரண்டரை டன் கழிவுநீரைக் குடித்துவிடும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கறுத்த, பொலபொலவென்ற உரம் தயார். பிரஸ்மட்டின் மணிச்சத்தும் கழிவுநீரின் சாம்பல் சத்தும் இதில் ஒன்று சேருகின்றன. மண்ணுக்கு அங்ககப் பொருளும் கிடைக்கிறது.

இரண்டாவது வழி எரிப்பது. கழிவுநீரை அடுத்தடுத்த கலன்களில் காய்ச்சி, பாகு பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பாகைக் கரும்புச் சக்கையோ நிலக்கரியோ துணைக்கு வைத்து, பாய்லரில் விறகு போல எரிக்கிறார்கள். நீராவி கிடைக்கிறது, ஆலை ஓடுகிறது. அடியில் சாம்பல் மிஞ்சுகிறது. பொட்டாஷுக்கு நம் மொழியில் சாம்பல் சத்து என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். பொட்டாஷ் என்ற வார்த்தைக்கே சட்டிச் சாம்பல் என்றுதான் பொருள். அந்தக் காலத்தில் விறகுச் சாம்பலைக் கரைத்துச் சட்டியில் காய்ச்சித்தான் அதை எடுத்தார்கள். இன்று ஆலையில் நடப்பதும் பெரிய அளவில் அதே வேலை.

இந்தச் சாம்பலைக் குருணையாக்கி விற்கிறார்கள். ‘மொலாசஸிலிருந்து எடுத்த பொட்டாஷ்’ என்று பெயர். சுருக்கமாக பி.டி.எம். என்பார்கள். இதில் நூற்றுக்கு 14.5 பங்கு சாம்பல் சத்து இருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு இதை உர மானியத் திட்டத்தில் சேர்த்தது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில், சர்க்கரை ஆலைகள் இதை உரக் கம்பெனிகளுக்கு விற்க டன்னுக்கு 4,263 ரூபாய் என்று அந்த ஆண்டுக்கு விலை பேசி முடித்தார்கள். மூட்டைக்குச் சுமார் 213 ரூபாய். அதற்குமேல் கம்பெனிச் செலவு, வண்டி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்துதான் நம் கைக்கு வரும் விலை.

இதில் அரசுக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நம் நாட்டில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் தோண்டி எடுக்கும் சுரங்கம் கிடையாது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில்தான் வருகிறது. 2021, 2022-ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை தாறுமாறாக ஏறியபோது நம் விவசாயிகள் பட்ட சிரமம் மறந்துபோகாது. கரும்பில் வெளியே போன பொட்டாஷை நம் ஊர் ஆலையிலேயே மீட்டால், அந்த அளவுக்குக் கப்பலை எதிர்பார்ப்பது குறையும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஏமாறாமல் வாங்க வேண்டுமே! மூட்டை விலையைப் பார்த்து உரம் வாங்கக் கூடாது. மூட்டைக்குள் சத்து எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் மூட்டை ஒன்றில் 30 கிலோ சத்து. பி.டி.எம். மூட்டை ஒன்றில் 7¼ கிலோ சத்து. நாலு மூட்டைக்குச் சற்று மேலே பி.டி.எம். போட்டால்தான் ஒரு மூட்டை மியூரியேட்டுக்குச் சமம். ஆகவே விதி சுலபம். மியூரியேட் மூட்டை விற்கும் விலையில் நாலில் ஒரு பங்குக்கு உள்ளே இருந்தால்தான் பி.டி.எம். கட்டுப்படியாகும். கணக்குக்காக மியூரியேட் மூட்டை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சத்து கிலோ 50 ரூபாய் ஆகிறது. அந்தக் கணக்கில் பி.டி.எம். மூட்டையின் மதிப்பு 362 ரூபாய் 50 காசு. நாலு மூட்டை ஏற்றி இறக்கும் கூலியையும் நினைத்தால் அதற்கும் குறைவாகவே கிடைக்க வேண்டும். ‘பாதி விலைதானே, சல்லிசு’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எவ்வளவு போடுவது? உங்கள் மண் பரிசோதனைச் சீட்டில் ஏக்கருக்கு 45 கிலோ சாம்பல் சத்து என்று எழுதியிருந்தால், மியூரியேட்டில் ஒன்றரை மூட்டை. பி.டி.எம்.மில் 310 கிலோ, அதாவது ஆறு மூட்டைக்குக் கொஞ்சம் மேல். அடியுரமாகவும், மண் அணைக்கும் சமயத்தில் மேலுரமாகவும் பிரித்துப் போடலாம். ஒரு எச்சரிக்கை: இது சாம்பல், காரத் தன்மை உள்ளது. யூரியாவோடும் அம்மோனியம் சல்பேட்டோடும் கலந்து வைத்துவிடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகிக் காற்றோடு போய்விடும். இரண்டையும் வேறு வேறு நாளில் போடுங்கள். களர் நிலமாக இருந்தால் மண் பரிசோதனை அலுவலரைக் கேட்காமல் போட வேண்டாம்.

கம்போஸ்ட் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஈரம். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஒரு டன்னில் பாதி ஈரம் என்றால், அரை டன் தண்ணீருக்கு லாரி வாடகை கொடுத்து வாங்குகிறோம் என்று அர்த்தம். இரண்டு, வெந்திருக்கிறதா என்பது. நன்றாக மக்கிய உரத்தில் நாற்றம் இருக்காது. குவியலுக்குள் கையை விட்டால் சுடாது. அரைகுறையாக வெந்ததைப் போட்டால் நிலத்தில் போய் வேகும். அப்போது பயிருக்குச் சேர வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளும். இளம் பயிர் வெளுக்கும். சத்து அளவு ஆலைக்கு ஆலை மாறும். ஆகவே ஆய்வுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு இரண்டு டன் போட்டுக் கடைசி உழவில் மடக்கி உழலாம்.

சில இடங்களில் வேறொரு பேச்சு வரும். ‘அண்ணே, டேங்கர் லாரியில் கழிவுநீரைக் கொண்டுவந்து உங்க வயலில் விட்டுவிடுகிறோம். காசு வேண்டாம். சத்தான தண்ணீர்’ என்பார்கள். சத்து இருப்பது உண்மை. ஆனால் அளவு தெரியாத சத்தும் ஆறாத அழுக்கும் சேர்ந்து வருகின்றன. மண்ணில் காற்று அற்றுப்போய் வேர் அழுகும். உப்பு ஏறும். இன்று உங்கள் வயலில் விட்டது நாளை பக்கத்து வயல்காரர் கிணற்றில் தெரியும். கிணறு கெட்டால் அதைத் திருத்த வருஷக் கணக்கில் ஆகும். ஆகவே பச்சைக் கழிவுநீர் இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

‘களர் நிலத்தைத் திருத்த இந்தத் தண்ணீரைப் பாய்ச்சலாம் என்று ஆராய்ச்சியில் சொன்னார்களே’ என்று சிலர் கேட்கலாம். ஆம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்படி ஒரு முறையைக் கண்டிருக்கிறது. ஆனால் அது கோடையில், பயிரில்லாத களர் நிலத்தில், அளந்து ஒரே ஒரு தடவை விட்டு, பிறகு ஆறு வாரம் காற்றாடப் போட்டு, இடையிடையே உழுது, நல்ல தண்ணீர் தேக்கி வடித்துச் செய்வது. நிபுணர் மேற்பார்வையும் மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. நல்ல நிலத்துக்கு அது வைத்தியமும் அல்ல.

பிரேசில் நாட்டில் இந்தக் கழிவுநீரை வெகுகாலமாகக் கரும்புக்கே பாய்ச்சி வருகிறார்கள். அங்கேயும் இஷ்டத்துக்கு விடுவதில்லை. சாவ் பாவ்லோ மாநிலத்தில், மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு பொட்டாஷ் இருக்கிறது என்று பரிசோதித்து, அதற்குத் தக்கபடிதான் பாய்ச்ச வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பொட்டாஷ் அளவு மீறினால் என்ன ஆகும்? கரும்புச் சாற்றில் உப்புகள் கூடும். ஆலையில் சர்க்கரை சரியாகப் பிரியாது. வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு அச்சு சரியாக இறுகாது, வெல்லம் கரிக்கும். ஆகவே சத்தாக இருந்தாலும் அளந்துதான் போட வேண்டும்.

அப்படியானால் கரும்பு விவசாயிகள் செய்ய வேண்டியது என்ன? நாலு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, கரும்பு நடுவதற்கு முன் மண் பரிசோதனை. சாம்பல் சத்து போதுமான அளவு இருக்கிற நிலத்தில் எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்?

இரண்டு, தோகையைக் கொளுத்தாதீர்கள். அதிலும் சாம்பல் சத்து இருக்கிறது. கொளுத்தினால் சாம்பல் காற்றில் பறக்கும், மழையில் ஓடும். தழைச்சத்தும் அங்ககப் பொருளும் புகையாய்ப் போகும். பாருக்கு நடுவே பரப்பிவிட்டால் களை குறையும், ஈரம் நிற்கும், சத்து நிலத்திலேயே தங்கும். ஆலைக்குப் போன சத்தைத் திரும்பக் கேட்கிற நாம், கையில் இருப்பதை நெருப்பில் போடலாமா?

மூன்று, உங்கள் ஆலையில் கம்போஸ்டோ பொட்டாஷ் சாம்பல் உரமோ தயாராகிறதா என்று கோட்டக் கரும்பு அலுவலரைக் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட, பத்துப் பேர் சேர்ந்து ஒரு லோடாகக் கேட்டால் வாடகையும் மிச்சம், பேச்சுக்கும் மதிப்பு. கரும்பு கொடுத்தவருக்குச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதில் இருப்பது உங்கள் நிலத்து உப்பு.

நாலு, ஆலைக்கோ கம்போஸ்ட் களத்துக்கோ பக்கத்தில் கிணறு உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தடவை, கிணற்று நீரைப் பரிசோதித்துச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீர் கெட்டது என்று சொல்ல நேர்ந்தால், நேற்று நன்றாக இருந்தது என்று காட்ட அந்தச் சீட்டுத்தான் சாட்சி. வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது.

மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் பக்கத்து வேளாண்மை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். கடலூர், சிறுகமணி, மேலாலத்தூர் ஆகிய ஊர்களில் பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது.

விவசாயப் பெருமக்களே, இனி எடைச் சீட்டைப் பார்க்கும்போது கரும்பின் எடையை மட்டும் பார்க்காதீர்கள். நூறு டன்னுக்கு நாலு மூட்டை என்ற கணக்கையும் அதன் பின்பக்கம் எழுதி வையுங்கள். அந்த நாலு மூட்டை உரமாக வீடு திரும்புகிறதா, ஓடையில் கலக்கிறதா என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், உங்கள் நிலமும் பிழைக்கும், உங்கள் ஊர்க் கிணறும் பிழைக்கும்.